யூல்சேயின் அடுப்படிக்குக் குடிவந்த காடு

யூல்சே மங்குனேயின் அடுப்படியில் ஆறு வருடங்களாக ஒரு காடு இருக்கிறது. அடுப்படி நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். காடு முந்நூறு ஹெக்டேருக்குக் குறையாது. அதில் ஓர் ஓடை, இரண்டு பள்ளத்தாக்கு, விடாத சாரல், பதினொரு நியுப் பறவைகள். யூல்சே உள்ளே போனால் மட்டும் கரி பிடித்த பானைகளும் தகரக் கூரையும்தான் தெரியும்.

நியு என்பது கைப்பிடிக்குள் அடங்கும் நீலக் குருவி. நிழலில் காத்திருந்து, பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்துக்கொண்டு, புறப்பட்ட கிளைக்கே திரும்பும். சாங்கிஹே தீவில், சாஹெண்டாருமாங் மலைச்சரிவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அந்தச் சரிவின் அடியில்தான் பவுங்கெலா ஊர். அங்கே எந்த விருந்துக்குப் போனாலும் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். கல்யாணமோ சாவோ நன்றி ஜெபமோ, பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தட்டைத் தொடுவார்கள். போடாமல் சாப்பிடுகிறவனைத் திருடன் என்று சொல்லாவிட்டாலும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இந்தப் பழக்கத்தை எவனோ தங்கக் கம்பெனிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவன் குடும்பம் விளங்காமல் போக. தேவாலயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள், ஜெபத்தோடு தொடங்கினார்கள், பன்றிக்கறி பரிமாறினார்கள். ஒரு தாள் சுற்றி வந்தது. சபை மூப்பரான யூல்சே தன் அழகான கையெழுத்தில் முதல் வரியில் போட்டாள். தயங்கி நின்றவர்களையும் அவள்தான் அதட்டினாள்.

“சாப்பிட்டுட்டு கையெழுத்துப் போடாமப் போறது என்ன மரியாதை? போடுங்க எல்லாரும்!”

தொண்ணூற்று மூன்று பேர் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தாள், மலையைத் தோண்டச் சம்மதித்தவர்களின் பட்டியலாகி அனுமதிக் கடிதத்தோடு தைக்கப்பட்டிருந்தது. கூடவே ஓர் அறிக்கை. உச்சி வெயிலில் தார்ச்சாலையில் அரைமணி நேரம் நின்ற ஒருவன் எழுதியது: நியு, பூஜ்யம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் ஒரு மலையையே கறிச்சோற்றில் மறைத்தார்கள்.

யூல்சே நேராக ஊர்த்தலைவர் அல்பினுஸ் வீட்டுக்குப் போய் நின்றாள்.

“என் பேரைத் திருப்பி வாங்கிக் குடு.”

“கையெழுத்துப் போட்டது நீங்கதானேக்கா?”

“பன்னிக்கறிக்குப் போட்டேன்டா. மலைக்கா போட்டேன்?”

“முதல் பேரே உங்க பேருதான். நான் என்னக்கா பண்ணட்டும்?”

வீடு திரும்பும் வழியெல்லாம் தன் வலது கையை இடது கையால் அறைந்துகொண்டே வந்தாள்.

முதல் சரிவை ஒரு செவ்வாய்க்கிழமை வெட்டினார்கள். அன்று மாலை ஒரு ஜோடி நியு அவள் அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே போனது. மறுநாள் உள்சுவரில் பாசி, அதற்கு மறுநாள் மூடுபனி. ஞாயிற்றுக்கிழமை அவள் கணவன் ஹெர்மானுஸ் உப்பெடுக்க உள்ளே போனவன் சாயங்காலம்தான் வந்தான், முழங்கால் வரை சேறு. வெளியே எந்தப் பள்ளத்தாக்கு மொட்டையானதோ அது அந்த வாரமே உள்ளே வந்து சேர்ந்தது, ஓடை உட்பட. கூட்டம் நடந்த அன்று ஹெர்மானுஸ் கடலில் இருந்தான், தாளைத் தொடவில்லை. தொடாதவர்களுக்குக் காடு திறந்தது. தொட்ட தொண்ணூற்று மூன்று பேருக்கும் பானைதான். குழந்தைகள் உள்ளே ஓடிப்பிடித்து விளையாட, பெற்றவர்கள் வாசலில் நின்று, “என்ன தெரியுது, சொல்லேன்டா” என்று கெஞ்சினார்கள். யூல்சே அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிக்கொண்டாள். சாகோக் களியும் மீனும் அங்கேதான் வெந்தன.

மூன்றாம் வருடம் லாரிப் பாதையை அகலப்படுத்த அவள் வீட்டை இடிக்க வந்தார்கள். நியு பூஜ்யம் என்ற அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதிகாரியே இயந்திரத்தோடு வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தான்.

“நாலு பானை இருக்கு. இதுக்கா இந்தக் கூப்பாடு?”

யூல்சே வெட்டுக்கத்தியை மடியில் வைத்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு எழுதியே மலையைத் தின்னுட்டீங்க. இன்னும் பசி அடங்கலையா உங்களுக்கு?”

அதிகாரி கையசைத்தான். இயந்திரம் ஓட்டியவன் தஹூனா நகரத்திலிருந்து தினக்கூலிக்கு வந்தவன், வாழ்க்கையில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதவன். ஜன்னல் பக்கம் திரும்பினான். இயந்திரத்தை அணைத்து இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். அடுத்து ஓட்ட வந்த இரண்டு பேரும் அப்படியே போனார்கள், யாரும் மறுபடி இயந்திரத்தில் ஏறவில்லை. நாலாவது ஆள் கிடைக்கவில்லை. அந்த இயந்திரத்தில் இப்போது கோழி முட்டையிடுகிறது. கம்பெனி சரிவின் மறுபக்கம் போய்த் தோண்டுகிறது, வெட்கமில்லாமல்.

யூல்சேயின் கோபம் மட்டும் தணியவில்லை. மாதந்தோறும் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரை அடிக்கச் சொல்கிறாள். அடித்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று அவர்களும் ஒவ்வொரு மாதமும் சொல்கிறார்கள். ஹெர்மானுஸ் தினமும் உள்ளே போய் எண்ணிவிட்டு வருவான்.

“இன்னைக்கும் பதினொண்ணு. ஒண்ணு அடைகாக்குது.”

“எங்கிட்ட சொல்லாத. எனக்கு வயிறு எரியுது.”

சொல்லிவிட்டு அவன் சட்டையைத் தோள் முதல் விளிம்பு வரை தடவிப் பார்ப்பாள். ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு வந்த வண்டோ ஈயோ ஏதாவது இருக்கும். அதை நசுங்காமல் உள்ளங்கையில் மூடி எடுத்துப் போய், தனக்குக் கரிச்சுவர் மட்டுமே தெரிகிற அந்த வாசலுக்குள் கையை நீட்டி விரிப்பாள். அது நியுவின் இரை.