அடுப்புக்கடியில் இருந்தவள்

கறுத்த வெள்ளியைக் கண்டால் என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. வெள்ளிப் பட்டறையில் பாலிஷ் போடுகிற வேலை. அந்தக் கையால்தான் எங்கள் குடி கெட்டது.

சாலையை அகலப்படுத்த எங்கள் தெருவை இடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். மாமனார் படுத்த படுக்கை, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அசைத்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த நேரத்தில்தான், அடுப்புக்குக் கீழே பெயர்ந்த தளத்தைக் கொத்தும்போது மண் அப்பிய கறுப்புக் காசு ஒன்று கிடைத்தது. அதில் முக்காடு போட்ட ஒரு பெண், கையில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

தொல்லியல் துறை அதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டு அடையாளம் சொன்னோம். பழைய ரோமாபுரி வெள்ளிக்காசாக இருக்கலாம், அவள் அடுப்பைக் காக்கும் தேவி வெஸ்டாவாக இருக்கலாம் என்றார். இங்கேயே புதைந்திருந்தது என்று தெரிந்தால் இடிப்பதை நிறுத்திவிடலாம், காலையில் வந்து பார்க்கிறேன் என்றார். மாமனார் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

இவர் சும்மா இருந்தாரா? பெரிய இடத்துக்குப் போகிற பிள்ளையை முகம் கழுவாமலா அனுப்புவது என்று, விடிந்ததும் காசைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துவிட்டார். வந்த அம்மாவிடம் பட்டுத்துணியில் வைத்து நீட்டினார். முக்காடும் இல்லை, கிண்ணமும் இல்லை. பளபளவென்று ஒரு மொட்டை உருவம்.

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. "அந்த மண்ணுதாங்க சாட்சி. இப்போ இதைக் கடையில வாங்கினதுன்னு யாராவது சொன்னா, நான் என்ன பதில் சொல்றது?"

தோண்டிப் பார்க்க அனுமதி கேட்கக்கூட வேறு ஆதாரம் இல்லையாம். அந்த அம்மா போனதும் இவரை வாய் வலிக்கத் திட்டினேன். பாவி மனிதர், நல்லா இருக்கட்டும்னுதான் தேய்ச்சேன் என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இடிக்கிற இயந்திரம் வந்த அன்று மாமனாரை ஸ்ட்ரெச்சரில் தூக்கினோம். தெருமுனை திரும்புவதற்குள் ஆம்புலன்ஸ் வண்டியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அடக்கம் முடிந்து, மிச்சமிருந்த பாத்திரங்களை எடுக்க வந்தோம். இயந்திரம் எங்கள் சமையலறைத் தரையைப் பெயர்த்தது. அடுப்பிருந்த இடத்தில் ஒரு பானை உடைந்து, மண்ணோடு மண்ணாகக் கறுப்புக் காசுகள் கொட்டின.

வேலை நின்றது. சுற்றிலும் கயிறு கட்டினார்கள். அந்த அம்மா ஓடிவந்து, இனி இங்கே ஒரு செங்கல்லைக்கூட யாரும் அசைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

"எங்கப்பாவை அசைச்சாச்சே, மேடம்" என்றார் இவர்.

இவர் கையில் அந்த ஒற்றைக் காசு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.