ஷிப்ட் முடிந்து கொடுத்த ரத்தம்

இது நடந்தது 2003இலா, அதற்கடுத்த வருடமா என்று இப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்த எண் மட்டும் நினைவிருக்கிறது: இருநூற்றுப் பத்து. அதுவும் இருநூற்று இருபதாக இருந்திருக்கலாம்.

எண்ணூரில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் பெல்ட்டைக் கவனிப்பது அசோகனின் வேலை. அங்கே ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள் ரேஷன், பேங்க், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் வரும் வழியிலேயே முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். அசோகன் ரத்தம் கொடுத்ததும் அப்படித்தான். டாக்டர் தாவூது காலை எட்டு மணிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு லேபில் நின்றான்.

கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தையில்லை. எந்நேரமும் அசதி. மனைவி செங்கொடியின் பக்கத்தில் போகவே கூச்சம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முந்நூறாவது இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்றுப் பத்து.

அவன் டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. மூன்று நாள் தாளைத் தலையணைக்குள் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, திருவொற்றியூரில் ஜிம் வைத்திருந்த சிநேகிதன் ராசையாவிடம் தாளைக் காட்டினான்.

“இதுக்கா மாமு பேஜாரா கீற? வாரத்துக்கு ஒரு ஊசி. ஒடம்புல கொறையிற அதே சரக்குதான். ரெண்டே மாசம், சிங்கம் கணக்கா ஆயிடுவ.”

அசோகன் திரும்பி நின்று பேண்டைத் தளர்த்தினான். இடுப்பில் பஞ்சு சில்லென்று பட்டது.

“யோவ்!”

வாசலில் செங்கொடி. பெண்கள் கால் வைக்காத இடம் அது. தண்டால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பனியனைத் தேடினார்கள்.

“தலவாணிக்குள்ள வெச்ச தாளக் காணோம். வேற எங்க போயிருப்ப நீ?”

“இன்னாமா இது, ஆம்பள சமாச்சாரத்துல வந்துகினு...” என்றான் ராசையா.

“அதுல பாதி என் சமாச்சாரம்ணா. ஊசி போட்டா கொயந்த பொறக்குமா? அத மட்டும் சொல்லு.”

“ஒடம்பு ஏறும்மா.”

“நான் கேட்டது அது இல்ல.”

அசோகன் பேண்டைச் சரிசெய்துகொண்டு அவள் பின்னால் நடந்தான்.

டோல்கேட் கிளினிக்கில் டாக்டர் தாளை வெகுநேரம் பார்த்தார். “ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடி எப்ப தூங்கினீங்க?”

“தூங்கல சார். ஷிப்ட் முடிச்சு நேரா லேபுக்குப் போனேன்.”

“எத்தனை நாளா நைட்டு?”

“பத்தொம்போது.”

“அப்ப இதை நம்ப முடியாது. ஒரு வாரம் ராத்திரி ஒழுங்கா தூங்கிட்டு, காலையில திரும்பக் குடுங்க. இந்த ஹார்மோனை ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு பண்றதில்ல. அப்பவும் குறைஞ்சிருந்தா ஏன்னு தேடணும்.”

செங்கொடி ஊசியைப் பற்றிக் கேட்டாள். டாக்டர் நிமிர்ந்தார்.

“குழந்தை வேணும்னா அதைத் தொடவே கூடாது. ஹார்மோன் வெளியிலேர்ந்து வந்தா, உடம்பு தன் வேலையை நிறுத்திடும். விந்தணுவே இல்லாமப் போகலாம். போட்டுட்டீங்களா?”

செங்கொடி அவன் முகத்தையே பார்த்தாள். அவள் வருமுன் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது.

“இல்ல சார். பஞ்சு வெச்சதோட சரி.”

லீவு போட்டுத் தூங்கிவிட்டுக் கொடுத்த ரத்தத்தில் முந்நூற்று எண்பது வந்தது. அசோகன் பகல் ஷிப்டுக்கு மாறினான். மூன்றாம் வருடம் பெண் பிறந்தாள். ராசையாவுக்குக் குழந்தையில்லை, தனக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தானா என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் தாவூது இப்போது இல்லை. செங்கொடியும் அசோகனும் வியாசர்பாடியில் அப்போதிருந்த அதே வீட்டில் இருக்கிறார்கள்.