வாளிக்குள் நான்காவது சத்தம்

அந்தச் சின்ன மென்பொருளில் மூன்றே பெட்டிகள். மேல் பெட்டியில் வீடியோவைப் போட வேண்டும், நடுப் பெட்டியில் ஆடியோவைப் போட வேண்டும், கீழே 'தாமதம்' என்ற பெட்டியில் ஓர் எண்ணைப் போட வேண்டும். பிறகு 'இணை' என்று ஒரு பொத்தான். இதில் குழம்ப என்ன இருக்கிறது என்றுதான் இளையவள் மதியம் இரண்டு மணிக்கு நினைத்தாள். மூன்றரை மணிக்கு, அதே பொத்தானை ஒன்பதாவது முறையாக அழுத்திவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் அக்காவின் வேலை. அக்கா ஒன்பது வருடமாக ஒரு சின்னப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும், திரும்பக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தொலைபேசியையே பார்த்துக்கொண்டு இருப்பாள். இப்போது ஒரு பெரிய பள்ளியில் நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. விண்ணப்பத்தோடு, பாடம் நடத்தும் வீடியோ பதினைந்து நிமிடத்துக்கு அனுப்ப வேண்டும். நடுவில் வெட்டு ஒட்டு கூடாது. இன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை படம் எடுத்தது அத்தான். மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்து, வகுப்பின் பின்சுவரோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்தார். முடிந்ததும் கார் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு நடந்தே கடைக்குப் போய்விட்டார். படம் துளிகூட ஆடவில்லை. ஆனால் அவர் நின்றது மின்விசிறிக்கு நேர் கீழே. அந்த ஒலியில் அக்காவைவிட விசிறிதான் அதிகம் பாடம் நடத்தியது. நல்லவேளையாக அக்கா தன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக் குரலைத் தனியாகப் பதிவுசெய்திருந்தாள். அந்தக் குரலை இந்தப் படத்தோடு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஒலிக்கோப்பின் தொடக்கத்தில் பத்து நிமிடம் வெறும் சலசலப்பும் பிள்ளைகள் ஓடும் சத்தமுமாக இருந்தது. அக்கா அவசரப்பட்டு முன்கூட்டியே அழுத்திவிட்டாள் போலிருக்கிறது என்று இளையவள் அதை வெட்டி எறிந்தாள். அக்கா எந்த வகுப்பையும் மூன்று முறை கைதட்டித்தான் தொடங்குவாள். படத்தில் மூன்று தட்டு, ஒலியில் மூன்று தட்டு. இரண்டையும் பொருத்தினாள். முதல் நான்கு நிமிடம் தேன் மாதிரி ஓடியது. பாடம், மிதப்பதும் மூழ்குவதும். அக்கா எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக் காட்டி வாளியில் போட்டாள். 'களுக்' என்ற சத்தம் பழம் விழுந்த கணத்திலேயே வந்தது.

ஆறாவது நிமிடத்தில்தான் கோளாறு. கல் இன்னும் அக்காவின் கையில் இருக்கும்போதே அது தண்ணீரில் விழுந்த சத்தம் வந்துவிட்டது.

இரண்டு விநாடி பிந்த வைத்தாள். கல் சரியாயிற்று, எலுமிச்சை கெட்டது. இளையவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டாள். நோட்டை எடுத்துக் கட்டம் போட்டாள். நான்காம் நிமிடத்தில் வித்தியாசம் இல்லை. ஆறில் ஒலி இரண்டு விநாடி முந்துகிறது. ஒன்பதில், மூடிய காலி டப்பா விழும்போது, ஒலி ஒரு விநாடி பிந்துகிறது. ஒரு கடிகாரம் வேகமாக ஓடலாம், மெதுவாக ஓடலாம். நினைத்தபோது முந்தி, நினைத்தபோது பிந்தும் கடிகாரத்தை அவள் படித்த எந்த அறிவியலிலும் பார்த்ததில்லை.

கணினியை அணைத்துப் போட்டாள். கோப்புகளை மறுபடி நகலெடுத்தாள். மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினாள். அதே இரண்டு விநாடி, அதே ஒரு விநாடி.

நடுவில் அத்தான் எட்டிப் பார்த்தார். படம் ஆடவில்லைதானே என்று நான்காவது தடவையாகக் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டார். பிறகு கார் சாவியைத் தூக்கிக் காட்டி, வெள்ளிக்கிழமையிலிருந்து இதன் பொத்தான் வேலை செய்யவில்லை, பூட்டும் திறக்கவில்லை, ஒலியும் எழுப்பவில்லை, நீதான் அறிவியல் படித்தவளாயிற்றே என்றார். பேட்டரி போயிருக்கும் என்று உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா உடனே பதில் சொன்னாள். கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் வந்ததை இளையவள் கவனிக்கவில்லை. அவளுக்கு அவள் கவலை.

நான்கரை மணிக்கு வேறு வழி தோன்றாமல், ஒலியின் அலைவரைபடத்தை முழுக்க விரித்துப் பார்த்தாள். பேச்செல்லாம் புல் மாதிரித் தெரிந்தது. வாளியில் ஒவ்வொரு பொருளும் விழுந்த இடம் பனைமரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. எண்ணினாள். எலுமிச்சை, கல், டப்பா. அப்புறம் பன்னிரண்டாவது நிமிடத்தில் இன்னொரு மரம்.

படத்தின் பன்னிரண்டாவது நிமிடத்தைப் பார்த்தாள். அக்கா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். வாளி ஒரு மூலையில் சும்மா இருந்தது.

"அக்கா, கொஞ்சம் வாயேன்."

அக்கா வந்தாள். கூடவே, அழைக்காமலே, அத்தானும் வந்தார்.

"வாளிக்குள்ள எத்தனை சாமான் போட்டே?"

"மூணு. ஒன்பது வருஷமா மூணுதான்."

"சத்தம் நாலு கேக்குதே."

முதல் நான்கு நிமிடத்துக்குப் பிறகு அவள் காதில் மாட்டிக் கேட்டிருந்தது விழும் இடங்களை மட்டும்தான். இப்போது ஒலிபெருக்கியைப் போட்டு, பன்னிரண்டாவது நிமிடத்துக்குச் சற்று முன்னாலிருந்து ஓடவிட்டாள். ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. "டீச்சர், உங்க சாவி மிதக்குமா?"

அக்காவின் குரல் சிரித்தது. "தெரியலையே. போட்டுப் பாத்துடுவோமா?"

களுக். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. படத்திலோ ஒரு பிள்ளையின் தலைகூட அசையவில்லை.

அத்தான் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"பேட்டரி," என்றார் மெதுவாக.

"அது ரெண்டாவது கிளாஸ்ல," என்றாள் அக்கா, தரையைப் பார்த்து. "நீங்க போனதுக்கப்புறம்."

"ரெண்டாவது கிளாஸா?" என்று இளையவள் திரும்பினாள். "இது ரெண்டாவது கிளாஸோட ஆடியோவா?"

அக்காவுக்கும் அப்போதுதான் விளங்கியது. கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. முதல் வகுப்புக்கு முன் சிவப்புப் பொத்தானை அழுத்தினாளாம். முடிந்ததும் எடுத்துப் பார்த்தால், கைபேசி 'அனுமதிக்கவா?' என்று ஏதோ கேட்டதாம். சேமிக்கத்தான் கேட்கிறது என்று நினைத்துச் சரியென்று அழுத்தி, மறுபடி பையில் போட்டாளாம். அது கேட்டது பதிவைத் தொடங்குவதற்கான அனுமதி. முதல் வகுப்பு முழுவதும் கைபேசி பதில் கிடைக்காமல் பைக்குள் காத்திருந்திருக்கிறது. பிறகு இடைவேளையையும், அதே பாடம் நடந்த அடுத்த வகுப்பையும் பதிந்திருக்கிறது.

ஒன்பது வருடமாக ஒரே பாடத்தை, அதே கைதட்டல், அதே நகைச்சுவை, அதே மூச்சோடு நடத்தும் ஒருத்தியின் குரலாக இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். இளையவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடிகாரத்தின் மேல் ஒரு பழியும் இல்லை. முந்தியதும் பிந்தியதும் அக்காதான்.

மணி ஐந்தேகால். இதையே அனுப்பிவிடலாமா என்று அக்கா இழுத்தாள். அவ்வளவு தூரத்தில் வாய் எறும்பு மாதிரித்தானே தெரிகிறது, யார் உட்கார்ந்து எண்ணப் போகிறார்கள் என்றாள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள். இந்த வகுப்பில்தான் நான் நன்றாக நடத்தியிருக்கிறேன், இல்லையா என்றாள். ஆமாம் என்று இளையவள் ஒப்புக்கொண்டாள். பிறகு படத்தோடு சேர்த்து ஓட்டிக் காட்டினாள். அசையாமல் இருந்த நாற்பது தலைகளுக்கு மேல் அந்தச் சிரிப்பு எழுந்தது.

அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "பேய் கிளாஸ் மாதிரி இருக்குடி. வேண்டாம். விசிறி சத்தத்தோடயே அனுப்பு. அதாச்சும் நெசம்."

நடுப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, படத்தின் சொந்த ஒலியையே வைத்துக்கொண்டாள் இளையவள். 'இரைச்சலைக் குறை' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டாள். விசிறி பாதி அடங்கியது. அக்காவின் குரல் மீதியிலிருந்து எழுந்து வந்தது.

"கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கேன்," என்றாள் அக்கா.

"ஆனா வாயும் பேச்சும் ஒண்ணா வருது."

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, கோப்பு கிடைத்தது என்று பெரிய பள்ளியின் இணையப் பக்கம் சொன்னது. கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரலை அங்கே என்ன செய்வார்கள் என்று மூவருக்கும் தெரியாது. அத்தான் சாவியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே இன்னும் ஏதோ நீர் அசைவது மாதிரி இருந்தது.

"மிதந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றாள் அக்கா.

இளையவள் மென்பொருளை மூடப் போனாள். வெட்டி வைத்த அந்த இரண்டாவது வகுப்பின் குரல் இன்னும் அதில் திறந்தபடியே இருந்தது. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து ஏதோ கேட்டது. அவள் விரல் தன்னால் 'சரி'யை நோக்கிப் போயிற்று.

"இருடி," என்று அக்கா அவள் கையைப் பிடித்தாள். "என்ன கேக்குதுன்னு மொதல்ல படி."

இரண்டு பேரும் திரைக்கு அருகே குனிந்து, எழுத்துக்கூட்டி, அதை இரண்டு முறை படித்தார்கள்.