சாவு வாசிக்காத சேலை

எங்க டிவியில நாமக்கல் ஜில்லாக்காரங்க ஒருத்தரும் சாவறதில்லைங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். பரமத்தி வேலூர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தால, ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில இருக்குது எங்க 'பொன்விடியல்' கேபிள் டிவி. காத்தால ஆறரைக்கு நேரலைச் செய்தி. வாசிக்கறது நான், கலைமணி. கேமரா புடிக்கறது சேலம் செவ்வாய்ப்பேட்டை அஃப்தாப் தம்பி. செய்தி எழுதறது, விளம்பரம் புடிக்கறது, கம்ப்யூட்டர்ல பட்டன் தட்டறது, கரண்டு போனா ஜெனரேட்டர் இழுக்கறது எல்லாம் முதலாளி முருகானந்தம். 'ஆசிரியர் சார்'னு கூப்பிட்டாத்தான் மனுசன் திரும்பிப் பார்ப்பாரு.

சாவு நின்னுபோனது சேலையாலதானுங்க. இளம்பிள்ளையில சேலை யாவாரம் பண்ற அருணகிரின்னு ஒருத்தர்தான் எங்க செய்திக்குப் படியளக்கறவரு. தினமும் ஒரு புதுச்சேலை குடுத்தனுப்புவாரு. அதைக் கட்டிக்கிட்டு நான் வாசிக்கோணும். கீழ அவரு போன் நம்பர் ஓடும். பார்க்கற பொம்பளைங்க போனைப் போட்டு, இன்னைக்கு அந்தப் புள்ள கட்டியிருக்கற சேலைதான் வேணும்னு கேட்டு வாங்கிக்குவாங்க. வாசிச்சு முடிச்ச கையோட நான் அதை அவுத்து, பழைய மடிப்புலயே மடிச்சு, பொட்டியில வெச்சுத் திருப்பிக் குடுத்துரோணும். வாங்கறவ புதுச்சேலைன்னு நெனைச்சுக் கட்டுவா.

அதனால ஊக்கு குத்தக்கூடாது, ஓட்டை உழுந்துரும். துணி காயப்போடற கிளிப்பை முதுகுப்பக்கம் வரிசையா மாட்டி நிறுத்திக்குவேன். சாயக்கூடாது, டீ குடிக்கக்கூடாது, வேர்க்கவே கூடாது. முன்னால இருந்து பார்த்தா மகாராணி, பின்னால இருந்து பார்த்தா மொட்டைமாடிக் கொடிக்கயிறு. அஃப்தாப் ஒருநாள் பின்பக்கமாப் படம் புடிச்சுக் காட்டுனான். அடிக்கப் போயிட்டேன்.

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஒருநாள் பஸ்ஸும் லாரியும் மோதி ஆளு செத்த சேதியை, பச்சைக்கரை மாம்பழக்கலர் சேலையில வாசிச்சேன். அன்னைக்கு ஒரு போன் வரலை. கடையில நேரா வாங்கிட்டுப் போயிருந்த ஒருத்தியும் மறுநாளே கடைக்குக் கொண்டாந்து வீசிப்போட்டாளாம். பொணத்தைப் பத்திச் சொன்ன சேலையையா என்ற மவ வளைகாப்புக்குக் கட்டறதுன்னு ஒரே சத்தம். அருணகிரி அன்னைக்கே முருகானந்தத்துகிட்ட வந்து உக்காந்துட்டாரு. "ஏனுங் சார், நம்ம செய்தியில கொஞ்சம் மங்களகரமா இருந்தா ஆவாதுங்களா?"

அதுல இருந்து புடிச்சது சனி. ஆசிரியர் சார் பேனாவை எடுத்தாருன்னா செத்தவனெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்குவான். லாரி கவுந்தா 'விபத்தில் இருவர் கலந்துகொண்டனர்'. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் போய்ச் சேந்தப்ப 'நீண்ட ஓய்வில் இருக்கிறார்'னு எழுதிக் குடுத்தாரு. அவிய ஊட்டுல பாடை கட்டிட்டிருக்கறப்ப டிவியில ஓய்வு எடுக்கறாரு மனுசன். கண்ணீர் அஞ்சலி வேணும்னா மத்தியானம் விளம்பரமாப் போடுவாங்க, அதுவும் காசு குடுத்தாத்தான். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். "கலை, நீ வாசி, நான் யோசிக்கறேன்"ன்னுட்டாரு. என்ன யோசிச்சாரோ, போங்க.

இது எல்லாமே எனக்கு ஒரு தமாசாத்தான் இருந்துச்சு, போன ஆடிப் பதினெட்டு வரைக்கும்.

எங்க ஊடு கபிலர்மலைக்குப் பக்கம். ஊட்டுக்காரர் பூபதி ரிக் வண்டியில ஆந்திரா பக்கம் போர் போடப் போயிருக்காரு. ஊட்டுல மாமியார் அங்கம்மாள், நானு, எம்பட அஞ்சு வயசுப் பாப்பா. ஆடிப் பதினெட்டுன்னா எங்க பக்கம் ஜேடர்பாளையம் போய்க் காவிரியில முங்கி எந்திரிக்காம ஒருத்தரும் சோறு திங்க மாட்டாங்க. தெருவே சேந்து வேன் பேசி வெச்சிருந்துச்சு. செய்தியைப் பார்த்துப்போட்டு ஏழு மணிக்கு வேன் ஏறறதாப் பேச்சு.

மொத நாள் சாயங்காலம் ஜேடர்பாளையம் தடுப்பணைக்குக் கீழ ரெண்டு பசங்களை ஆறு இழுத்துட்டுப் போயிருச்சு. மேல அணையில இருந்து தண்ணி தொறந்து விட்டிருந்தாங்க. பொணம் எடுக்கறதை அஃப்தாப்தான் படம் புடிச்சான். ஆத்துல எறங்கக்கூடாதுன்னு ராத்திரியே உத்தரவு போட்டாச்சு. நான் விடியக்காத்தால கெளம்பறப்ப அத்தைகிட்டச் சொன்னேன், ஆறு சரியில்லைங்கத்தை, பாப்பாவைக் கூட்டிட்டுப் போவாதீங்கன்னு.

"டிவியில சொன்னாங்களா?"ன்னாங்க.

"நாந்தானுங்கத்தை டிவி!"

"நீ எதையாச்சும் சொல்லீட்டிருப்ப சாமி. போறப்பவே அபசகுனமாப் பேசாத. நூஸ்ல சொல்லட்டும், பாக்கலாம்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! எங்கத்தைக்கு ஊட்டுல இருக்கற கலைமணி வேற, டிவியில வர்ற பொம்பளை வேற. ஊட்டுல நான் உப்புப் போட்டா மறுபடியும் ருசி பார்ப்பாங்க. டிவியில அதே வாய் சொன்னா, மழை வருதுன்னு வெறும் வெயில்ல குடை எடுத்துட்டுப் போவாங்க. சரி, டிவியிலயே சொல்லித் தொலையறேன், அப்பக் கேட்டுத்தானே ஆவோணும்னு வண்டியை எடுத்தேன்.

மேல ஏறுனா அருணகிரியே வந்து உக்காந்திருக்காரு. மடியில பொட்டி. ஆவணி முகூர்த்தத்துக்கு எறக்குன பட்டு, அரக்குக் கலரு, ஒரு கை அகலத்துக்கு ஜரிகை. "அம்மிணி, இது கண்ணு மாதிரி. ஆடிப் பதினெட்டு நல்ல நாளு, இன்னைக்குப் பார்த்தாங்கன்னா ஆவணிக்கு நூறு கல்யாணப் பொண்ணு இதைத்தான் கேப்பா"ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. என்னையில்லைங்க, சேலையை.

கட்டி முடிச்சுக் கிளிப்பு மாட்டிக்கிட்டுச் செய்தி எழுதுன தாளை வாங்கிப் பார்த்தேன். 'ஆடிப்பெருக்கை முன்னிட்டு ஜேடர்பாளையத்தில் காவிரித்தாய் பொங்கி வருகிறாள். நேற்று மாலை இரு இளைஞர்கள் காவிரியின் அழைப்பை ஏற்றனர். பொதுமக்கள் குடும்பத்துடன் கண்டு மகிழலாம்.'

"சார், அந்தப் பசங்க செத்துட்டாங்க. எறங்கக்கூடாதுன்னு உத்தரவு சார். என்ற பாப்பா அங்கதான் போவுது."

"உன்ற பாப்பாவைப் போவ வேண்டாம்னு போன்ல சொல்லு. முகூர்த்தப் பட்டுல பொணத்தைப் பத்திப் பேசோணுமா?"

"போன்ல சொன்னா எங்கத்தை கேக்க மாட்டாங்க சார். டிவியில சொன்னாத்தான் கேப்பாங்க!"

"அப்ப நம்ம டிவிக்கு இருக்கற மரியாதையைப் பாரு"ன்னு அருணகிரியைப் பார்த்துப் பெருமையாச் சிரிச்சாரு.

ஆறரை. செவப்பு லைட் எரிஞ்சுச்சு. வணக்கம் சொன்னேன். அந்தக் காவிரித்தாய் பக்கம் வந்ததும் தாளைக் கவுத்து வெச்சுட்டு நேராக் கேமராவைப் பார்த்தேன். ஜேடர்பாளையத்துல நேத்து ரெண்டு பசங்க செத்துட்டாங்க, தண்ணி கூடிட்டே இருக்குது, யாரும் ஆத்துல கால் வைக்காதீங்கன்னு கடகடன்னு சொன்னேன். "அத்தை, உங்களுக்குத்தான் சொல்றேன், பாப்பாவைக் கூட்டிட்டுப் போவாதீங்க"ன்னு கையெடுத்தும் கும்புட்டேன். அருணகிரி அய்யய்யோன்னு தலையில கை வெச்சுக்கிட்டாரு. சொல்லிட்டோம்டா சாமின்னு எனக்கு உசுரு வந்துச்சு.

அஃப்தாப்தான் கேமராவுக்குப் பின்னால இருந்து மெதுவாச் சொன்னான். "அக்கா, ஜேடர்பாளையம்னு நீங்க வாயைத் தொறந்ததுமே சார் பட்டனைத் தட்டிட்டாருக்கா. வெளிய ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஓடிட்டிருக்குது."

பார்த்தா முருகானந்தம் கம்ப்யூட்டர் முன்னால நெத்தியைத் தொடைச்சுக்கிட்டு, ஏதோ ஊரையே காப்பாத்துன மாதிரி உக்காந்திருக்காரு. அவரை என்ன திட்டுனேன்னு இங்க சொல்ல முடியாதுங்க. ஊட்டுக்குப் போனைப் போட்டேன். எடுக்கலை. பக்கத்து ஊட்டுக்குப் போட்டா, செய்தி பாதியில நின்னு விளம்பரம் வந்துருச்சுன்னு வேன் அப்பவே கெளம்பிருச்சாம். அத்தை ஆத்துக்குப் போறப்ப நனைஞ்சுரும்னு போனை ஊட்டுலயே வெச்சுட்டுப் போவாங்க.

"அஃப்தாப்பு, வண்டியை எடுடா!"

"சேலை! சேலை! அம்மிணி, சேலையை அவுத்துக் குடுத்துட்டுப் போங்க!"ன்னு அருணகிரி படியில ஓடியாறாரு. நிக்கறதுக்கு நேரமேதுங்க? முந்தானையைச் சுருட்டி இடுப்புல சொருவிக்கிட்டு வண்டியில ஏறிட்டேன். வழி நெடுவ கிளிப்பு ஒண்ணொண்ணாத் தெறிச்சு உழுகுது. ரோட்டுல போறவனெல்லாம் கல்யாணப் பொண்ணு குல்லாப் போட்ட சாயபுப் பையனோட ஓடறாள்னு திரும்பித் திரும்பிப் பார்க்கறான். அஃப்தாப் பயந்துட்டான். "அக்கா, தலைக்கு மேல முக்காடாச்சும் போட்டுக்கோங்கக்கா, என்னைப் புடிச்சு அடிச்சுப் போடுவாங்க." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. பாப்பா மூஞ்சிதான் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு.

ஜேடர்பாளையத்துல படித்துறையில கயிறு கட்டிப் போலீஸ் நின்னுச்சு. நம்ம சனம் சும்மா இருக்குமா? கீழ்ப்பக்கமா போலீஸ் இல்லாத ஒரு எறக்கம் பார்த்து எறங்கிருச்சு. தண்ணி செம்மண் கலருல சுழிச்சுட்டு ஓடுது. இருவது முப்பது பேரு இடுப்பளவுத் தண்ணியில நிக்கறாங்க. அதுக்கு நடுவுல எங்கத்தை. அவிய இடுப்புல எம்பட பாப்பா, காலைத் தண்ணியில ஒதைச்சு வெளையாடீட்டு இருக்கறா.

"அத்தை! மேல வாங்க! ஐயோ, மேல வாங்க அத்தை!"ன்னு கத்துனேன்.

எங்கத்தை நிமிந்து பார்த்துச் சிரிச்சாங்க. "வந்துட்டியா சாமி? நீயும் எறங்கு, தண்ணி நல்லாருக்குது"ன்னு கையை ஆட்டிட்டு, இன்னும் ரெண்டு எட்டு உள்ள போனாங்க. பக்கத்துல இருந்தவளுக, பட்டைக் கட்டிட்டு வந்திருக்கறா பாருன்னு சிரிக்கறாளுக. ஒருத்தியும் நவுரலை.

என்ன நெனைச்சேனோ தெரியலைங்க. ஒரு பாறை மேல ஏறி நேரா நின்னேன். முந்தானையை இழுத்துத் தோள்ல போட்டேன். கேமரா இருக்கற மாதிரி நெனைச்சுக்கிட்டு, மூச்சை இழுத்து, அந்த டிவிக் குரலை எடுத்தேன்.

"வணக்கம். பொன்விடியல் காலைச் செய்திகள். வாசிப்பது கலைமணி. ஜேடர்பாளையத்தில் நேற்று மாலை காவிரியில் குளித்த இரு இளைஞர்கள் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். நீர்வரத்து தொடர்ந்து அதிகரித்து வருவதால் ஆற்றில் இறங்க அதிகாரிகள் தடை விதித்துள்ளனர். ஆற்றில் இருப்பவர்கள் உடனடியாகக் கரையேற வேண்டும்."

சிரிச்சவளுகளெல்லாம் திரும்பிப் பார்த்தாளுக. எங்கத்தை மூஞ்சி வெளுத்துப்போச்சு. "அடியே, மேல வாங்கடி, நூஸே சொல்லுது!"ன்னு பாப்பாவைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு கரையேறுனாங்க. அவிய பொறத்தால வேன் சனம் மொத்தமும் ஏறுச்சு. கடைசி ஆளு ஏறிச் சித்த நேரங்கூட ஆவலை. மேல இருந்து அடுத்த தண்ணி வந்து, அவங்க நின்ன எடத்துல ஆளுயரத்துக்குப் போச்சு. நான் அப்படியே சேத்துல உக்காந்துட்டேன்.

அதுக்குள்ள கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. முருகானந்தமும் அருணகிரியும். முருகானந்தம் எறங்குனதும் ஒரு சுத்துப் பார்த்தாரு. மூஞ்சி மலந்துபோச்சு. "கலை, எந்திரி, எந்திரிச்சு அந்தப் பாறை மேல மறுபடி நில்லு. அஃப்தாப், எடுடா. பொன்விடியல் எச்சரிக்கை, உயிர்கள் காப்பாற்றப்பட்டன!" அஃப்தாப் கேமரா கொண்டாரலை சார்னுட்டான். போனு அவன் சட்டை ஜோப்புலதான் இருந்துச்சு. நல்ல பையன்.

பாப்பா ஈரத்தோட ஓடியாந்து என்ற மேல உழுந்து கட்டிக்கிட்டா. சொட்டச் சொட்ட, செம்மண் தண்ணியோட, மூக்குச்சளியோட. அரக்குப் பட்டு கருத்துப்போச்சு. அருணகிரி அதைப் பார்த்தாரு. மண்ணுல மண்டி போட்டாரு. "போச்சே! ஐயோ, என்ற சேலை போச்சே! தறியில எத்தனை நாளு நெய்ஞ்சது! முடிஞ்சுபோச்சே!"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி தாரை தாரையா ஊத்துது. ரெண்டு பொம்பளைங்க பதறிப் போய், யாருங்க போனது, சொந்தமான்னு அவரு தோளைத் தடவிக் கேக்கறாங்க. முருகானந்தம் பக்கத்துல உக்காந்து, "மனசைத் தேத்திக்கோங்க"ன்னு முதுகைத் தட்டிக் குடுக்கறாரு.

நான் பார்த்துட்டே இருந்தேன். நேத்து ரெண்டு பசங்க செத்தப்ப இந்த ரெண்டு பேர்த்துக்கும் கண்ணு கூடக் கலங்கலைங்க. செத்தவன் பேரு என்னன்னு கேக்கலை. இன்னைக்கு என்ற புள்ள பொழைச்சு வந்து மடியில நடுங்கீட்டு உக்காந்திருக்குது, அதையும் பார்க்கலை. சேலைக்கு எழவு உழுகுது.

"அம்மிணி, முந்தானையாச்சும் நனையலையே, அதை மட்டுமாச்சும் தூக்கிப் புடிங்க அம்மிணி"ன்னு அருணகிரி கையை நீட்டுனாரு. நெசந்தான், முந்தானை மட்டும் இன்னும் காஞ்சுதான் இருந்துச்சு, ஜரிகை மின்னிக்கிட்டு. பாப்பா தும்முனா. தலையில இருந்து தண்ணி கண்ணுக்குள்ள வழிஞ்சுட்டு இருந்துச்சு.

முந்தானையை எடுத்து அவ தலையில போட்டு அழுத்தித் துவட்டுனேன். ஜரிகை குத்துதும்மான்னு சிணுங்குனா. ஜரிகையை உள்பக்கமா மடிச்சுக்கிட்டு, காதுக்குப் பின்னால, கழுத்துக்கு அடியில எல்லாம் மெதுவாத் துவட்டி விட்டேன்.