கீழே போனவன்

ஆட்டுக்குட்டியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, பெலார்மினோ பின்னங்கால்களில் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது எர்சிரா ஊன்றுகோலோடு விறகுக் கொட்டகைக்கு வந்தாள். வந்தவள் அவருடைய வலது பக்கமாகச் சுற்றிப் போய் நின்றாள். அவருக்கு இடது காது கேட்காது என்பது குவெல்மோ தீவில் எல்லாருக்கும் தெரியும்.

"சிக்ஸ்தோவுக்குக் காலையில யாரு கஞ்சி குடுத்தது?" என்று கேட்டாள்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. வீட்டுக்குள் நாற்பது பேர் இருந்தார்கள். அடுப்படியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் அவர் மனைவி எதெல்மிரா சவப்பெட்டிக்குள் படுத்திருந்தாள். நாலு மணிக்கு அடக்கம். வந்தவர்கள் எல்லாருக்கும் சோறு போட்டாக வேண்டும். அதற்குத்தான் இந்த ஆடு.

"யாராவது போயிருப்பாங்க" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒவ்வொருத்தியா கேட்டுப் பார்த்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருக்காங்க. நேத்தும் யாரும் போகல."

முந்தைய நாள் விடியற்காலையில் எதெல்மிரா வாசலை ஒட்டிய பலகையில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸ் மாட்டும்போதே போய்விட்டாள். ஒரு காலில்தான் மாட்டியிருந்தாள். பெலார்மினோ பக்கத்து அறையில், கேட்கும் காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு எட்டு மணிவரை தூங்கினார். எழுந்து வந்தபோது அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். கூப்பிட்டாளா இல்லையா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"இன்னிக்குப் போய்..." என்று ஆரம்பித்தார்.

"செத்தவளுக்குப் பசிக்காது, பெலார்மினோ. என் இடுப்பு மட்டும் நல்லா இருந்தா உன்கிட்ட வந்து நிப்பேனா?"

இருபது வருஷத்துக்கு முன்னால், சுகாதார நிலையத்து நர்ஸ் பேச்சைக் கேட்டுப் பதினோரு பெண்கள் சேர்ந்து தொடங்கிய வேலை அது. படுக்கையில் விழுந்த, நினைவு தவறிய கிழவர்களை முறைவைத்துப் பார்த்துக்கொள்வது: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. பதினோரு பேரில் நாலு பேர் செத்துப்போனார்கள். மூன்று பேர் பெரிய தீவில் சால்மன் மீன் ஆலைக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். இரண்டு பேர் மகள்களோடு பட்டணத்துக்குப் போனார்கள். எர்சிராவுக்கு இடுப்பு போயிற்று. மிஞ்சியவள் எதெல்மிரா. கிழவர்களிலும் இப்போது இரண்டு பேர்தான் மிச்சம்: க்ளோரிந்தாவும் சிக்ஸ்தோவும். தீவில் மற்ற எல்லாரும் அன்று அவள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். வராதவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான்.

பெலார்மினோ கையைக் கழுவிவிட்டு, அடுப்படியிலிருந்து ஒரு தூக்கில் சூப்பை ஊற்றிக்கொண்டு கிளம்பினார். கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. க்ளோரிந்தாவின் வீடு தேவாலயத்துக்குப் பின்னால். கதவைத் திறந்ததும் மூத்திர நாற்றம் அடித்தது. எண்பத்தொன்பது வயதுக் கிழவி, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"சாவு மணி அடிச்சுது. எண்ணிட்டேதான் இருந்தேன்" என்றாள். "பொம்பளைக்கு அடிக்கிற கணக்கு. எர்சிராவோன்னு நெனச்சேன். எதெல்மிரா வராம போகவும்தான் தெரிஞ்சுது."

"ஆமா அத்தை."

"கஷ்டப்பட்டாளா?"

"இல்ல."

சூப்பைக் கொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முதலில் துணி மாற்ற வேண்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவருக்குப் புரியவும் சற்று நேரம் பிடித்தது. எர்சிராவை அனுப்பட்டுமா என்று கேட்டார். அவள் வந்து சேர மதியம் ஆகிவிடும், நேற்றுக் காலையிலிருந்து ஈரத்தில் கிடக்கிறேன் என்றாள். பிறகு மேசைமேல் கிடந்த துண்டை எடுத்துத் தரச் சொன்னாள். அதைத் தன் முகத்தின்மேல் போட்டுக்கொண்டாள்.

"இப்ப செய்" என்றாள் துண்டுக்கு அடியிலிருந்து.

பெலார்மினோ தன் வாழ்நாளில் குழந்தைக்குக்கூடத் துணி மாற்றியதில்லை. கை பட்டதும் கிழவி துள்ளினாள்.

"ஐஸா இருக்கு உன் கை. கக்கத்துல வெச்சுக்கோ கொஞ்ச நேரம். அவ அப்படித்தான் செய்வா."

அவர் இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்றார். மழை தகரத்தில் விழும் சத்தம் வலது காதில் மட்டும் கேட்டது. நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தும் அவள் இப்படி நிற்பாள் என்பது அவருக்குத் தெரியாது. எத்தனையோ நாள் ஆறிப்போன சூப்பின் முன்னால் உட்கார்ந்து, ஊரான் வீட்டுக் கிழங்களுக்கு உழைக்கிறவளுக்குப் புருஷன் எதற்கு என்று கத்தியிருக்கிறார். அவள் பதில் சொல்லாமல் சூப்பைச் சூடாக்குவாள்.

க்ளோரிந்தா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். முட்டியை மடக்கு. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடி. சுவர்ப் பக்கம் திருப்பு. முதுகில் புண் இருக்கிறதா பார். இல்லை என்றார். இருக்காது, அவள் விடமாட்டாள் என்று துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. எல்லாம் முடிந்து, உலர்ந்த கம்பளியைப் போர்த்தியபின்னும் அவள் துண்டை எடுக்கவில்லை. சூப் ஆறிப்போகும் என்றபோதுதான் எடுத்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவர் அதைப் பார்க்காததுபோல ஊட்டிவிட்டு வந்தார்.

சிக்ஸ்தோவின் வீட்டு வேலியோரம் வந்ததும் அவர் கால்கள் தயங்கின. இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலியைத் தாண்டியதில்லை.

அந்தக் காலத்தில் பெலார்மினோ கடலில் முங்கிச் சிப்பி எடுப்பவர். படகு சிக்ஸ்தோவுடையது. மேலே படகிலிருக்கும் எந்திரம் ரப்பர் குழாய் வழியே காற்றை அனுப்பும். கீழே இருப்பவனின் உயிர் மேலே இருப்பவன் கையில். ஒரு மத்தியானம், பதினெட்டு பாகம், நூறு அடிக்கும் மேலான ஆழத்தில் பெலார்மினோவுக்குக் காற்று நின்றது. எந்திரத்தில் பெட்ரோல் தீர்ந்திருந்தது; சிக்ஸ்தோ குடித்துவிட்டுப் படகின் முன்பக்கத்து அணியத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் ஏறி வந்ததில் காது போயிற்று, தொழில் போயிற்று. சிக்ஸ்தோ மன்னிப்புக் கேட்கவில்லை. நீதான் குழாயை மிதித்திருப்பாய் என்றார். அன்றோடு பேச்சு அறுந்தது. பின்னால் சிக்ஸ்தோவின் மனைவி செத்து, அவருக்கு நினைவும் தவறத் தொடங்கியபோது, எதெல்மிரா அந்த வீட்டையும் தன் முறையில் சேர்த்துக்கொண்டாள். வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. "உன்னை வரச் சொல்லலையே" என்பதோடு அவள் முடித்துக்கொண்டாள். அவர் அதற்கப்புறம் அந்த மனிதனைப் பற்றிக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கதவு திறந்தேதான் இருந்தது. சிக்ஸ்தோ அணைந்த அடுப்பின் முன்னால், கால்சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகில் நின்றால் பாய்மரம்போல இருந்த ஆள். இப்போது நாற்காலியில் பாதி இடம் காலியாக இருந்தது. கையில் ஒரு பச்சை உருளைக்கிழங்கு. அதில் பல் பதிந்திருந்தது.

"யாரு?" என்றார்.

"சூப்பு கொண்டாந்திருக்கேன்."

சிக்ஸ்தோ மறுபடி யாரென்று கேட்கவில்லை. தூக்கைப் பார்த்தார். பெலார்மினோ கிழங்கை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, கிண்ணம் தேடி எடுத்து ஊற்றிக் கொடுத்தார். கிழவர் ஆவலாகக் குடித்தார். பாதியில் நிறுத்தி, வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அவ வரலையா?"

"இல்ல."

"அவ வந்தாதான் தெரியும்" என்று முனகினார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் ஒரு பதற்றம் வந்து உட்கார்ந்தது. கை தானாக எழுந்து, காற்றில் எதையோ பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுக்கொண்டிருந்தது. குழாயைத் தளர்த்திவிடும் அசைவு அது என்று பெலார்மினோவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

"என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"கீழ போனவன் ஏறிட்டானான்னு. ரொம்ப நேரமாச்சு. எந்திரம் சத்தம் கேக்கல எனக்கு."

பெலார்மினோ கிண்ணத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.

"தினம் கேப்பேன். அவதான் சொல்வா. ஏறிட்டான் அண்ணே, வீட்டுல சூப்பு குடிச்சிட்டு இருக்கான், நீங்களும் குடிங்கன்னு சொல்வா. இன்னிக்கு அவ வரல. யாரும் சொல்லமாட்டேங்கறாங்க."

இருபத்திரண்டு வருஷமாக பெலார்மினோ இந்த ஆளிடம் சொல்லவென்று சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் ஏராளம். அடுப்பு எரியாமல் வீடு குளிர்ந்து கிடந்தது. அவர் மண்டியிட்டு, சுள்ளிகளை அடுக்கி, நெருப்பு மூட்டினார். பிடித்துக்கொள்ள நேரமாயிற்று. பிடித்ததும், திரும்பாமலே சொன்னார்:

"ஏறிட்டான்."

"நல்லா இருக்கானா?"

"இருக்கான். நீங்க குடிங்க அண்ணே."

சிக்ஸ்தோ கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். பெலார்மினோ அவருடைய கால்சட்டையைச் சரியாகப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் ஒரு இடத்தில் நின்று, வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பெட்டி மூடும் நேரமாகிக்கொண்டிருந்ததால் மறுபடி நடந்தார்.

அடக்கம் நாலு மணிக்கு நடந்தது. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஜெபங்களை முன்னின்று சொன்னார். எட்டுப் பேர் பெட்டியைத் தூக்கினார்கள். மேட்டில் ஏறும்போது மூன்றுமுறை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். எட்டுப் பேரும் அறுபது தாண்டியவர்கள். அவர்கள் மகன் தெற்கே புந்தா அரேனாசிலிருந்து கிளம்பியிருந்தான். வந்து சேர இன்னும் ஒரு நாளாகும்.

சாப்பாட்டின்போது நகராட்சியிலிருந்து வந்திருந்த பமேலா என்ற பெண் பேச்சை எடுத்தாள். மத்தியானப் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவள். நல்ல மாதிரிதான், எதெல்மிராவுக்காக அவள் அழுததை எல்லாரும் பார்த்தார்கள். பட்டணத்து முதியோர் இல்லத்தில் இரண்டு கட்டில் காலியாக இருக்கிறதாம். வேண்டாம் என்று எதெல்மிரா இரண்டுமுறை சொல்லிவிட்டாளாம். இனிமேல் என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவரவர் தட்டில் எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குச் சர்க்கரை நோய், ஒருத்திக்குப் பேரக்குழந்தைகள், ஒருத்தியின் புருஷனே படுக்கையில் விழும் நிலையில் இருந்தான். பொய்யான காரணம் ஒன்றுகூட இல்லை.

"சிக்ஸ்தோவுக்கு நாளைக்கு காலையில நான் போறேன்" என்றார் பெலார்மினோ.

எர்சிரா தலையைத் தூக்கினாள். பமேலா, எத்தனை நாளைக்கு உங்களால் முடியும் என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்குக் காலையில போறேன்னுதான் சொன்னேன்."



மகன் வந்தான். இறந்தவர்களுக்காக வீட்டில் சொல்லும் ஒன்பது நாள் ஜெபத்தில் மூன்று நாள் இருந்தான். என்னோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டான், பார்க்கலாம் என்றார். ஒன்பது நாளும் வீடு நிறைய ஆட்களும் சாப்பாடும் இருந்தன. அந்த ஒன்பது நாளும் காலையும் மாலையும் பெலார்மினோ இரண்டு வீடுகளுக்கும் போய்வந்தார். க்ளோரிந்தா முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வதை மட்டும் விடவில்லை. ஒன்பதாம் நாள் மாலையில் அதே துண்டை மடித்துக்கொண்டே, நகராட்சிப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பு, நான் போகிறேன் என்றாள்.

"ஏன் அத்தை, நான் சரியா செய்யலையா?"

"நல்லாத்தான் செய்யுற. அதான் போறேன்." பிறகு சொன்னாள்: "அங்க பொம்பளைங்க இருப்பாங்க. துண்டு வேண்டியிருக்காது."

மறுநாள் காலையில் அவளைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு போய்ப் படகில் வைத்தார். எடையே இல்லை. எர்சிரா கரையில் நின்று ஒரு பையைக் கொடுத்தாள். அதில் வேகவைத்த முட்டைகள் இருந்தன. க்ளோரிந்தா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

பெலார்மினோ கரையிலிருந்து தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஜெபம் முடிந்து, கடன் வாங்கிய நாற்காலிகளெல்லாம் திரும்பிப் போய், அங்கே ஒருவரும் இல்லை. நேராக சிக்ஸ்தோவின் வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டினார். வறுத்த மாவைப் பாலில் கரைத்துக் கஞ்சி காய்ச்சி, இரண்டு கிண்ணங்களில் ஊற்றினார்.

சிக்ஸ்தோ ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். வெளியே படகு முனையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. படகைப் பார்த்ததும் கிழவர் ஒரு கையை உயரத் தூக்கினார். அங்கிருந்து யாரும் பதிலுக்குக் கை காட்டியதாகத் தெரியவில்லை. படகு மறைந்தது. கை மட்டும் இறங்காமல் அப்படியே நின்றது.

பெலார்மினோ போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, அவரை மேசைக்குக் கூட்டிவந்து, விரல்களுக்குள் கரண்டியை வைத்தார்.