லியோனார்டுக்கும் சாவியோவுக்கும் நடுவில்

மாதா கோயில் திருவிழாக் கச்சேரி முடிந்த வாரத்தில்தான் லியோனார்டுக்கும் சாவியோவுக்கும் நடுவிலிருந்த இடம் தானாக நீளத் தொடங்கியது. முதலில் அது ஒரு கட்டில் போடும் அளவுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில், நற்செய்தி வாசகத்துக்கு எழுந்தபோது ஒரு குடும்பமே உட்காரும் அளவுக்கு இடம் விழுந்திருந்தது. தாமதமாக வந்த ஒரு குடும்பம் அதில் உட்கார்ந்தும்விட்டது. பெஞ்சு நீண்டதைக் கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கவனித்தார், ஆனால் கூட்டம் அதிகமாகிற காலத்தில் அது நல்லதுதானே என்று விட்டுவிட்டார்.

இரண்டு பேரும் முப்பத்தைந்து வருஷமாக ஒன்றாக இருந்தவர்கள். லியோனார்ட் பாட்டு, சாவியோ கிதார். லியோனார்டின் அப்பா துறைமுகத்தில் ஓட்டிய கிரேனின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள்: ஏழாம் நம்பர் கிரேன். ராயபுரத்தில் தமிழில் ராக் பாடினால் யார் கேட்பார்கள் என்று சிரித்தவர்களின் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கேட்டே வளர்ந்தார்கள். சாவியோ ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தார். லியோனார்டின் தங்கை ஐரீனைக் கட்டிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். லியோனார்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சாவியோ சுவரைத் தட்டினால் சோறு ரெடி என்று அர்த்தம்.

திருவிழாக் கச்சேரியில் நடந்தது இவ்வளவுதான்: சாவியோ தனியாக வாசிக்கத் தொடங்கியதும் லியோனார்ட் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். லியோனார்டுக்கு இருமல் வந்தது. மைக்கில் விழுந்து மச்சானின் வாசிப்பைக் கெடுத்துவிடக் கூடாதே என்று திரும்பிக்கொண்டார். ஆனால் அதை ஒருவன் செல்போனில் எடுத்துவிட்டான். மறுநாள் காலை மொஹ்சினின் சலூனில் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் செய்யும் ஜெபசிங், ஷேவிங் நுரை காயும்வரை பார்த்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாகியும் அவர் பேச்சில் மெட்ராஸ் ஏறவில்லை. சாவியோவின் கிதார் என்றால் மட்டும் அவருக்கு உயிர்.

“முதுகக் காட்டிட்டாம்லா! வயித்தெரிச்சல்வே, வேற ஒண்ணுமில்ல” என்றார்.

மொஹ்சின் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவர் லியோனார்ட் கட்சி. “இன்னா மாமு பேசுற நீ? எங்காளு பாடாங்காட்டி அந்த கிதார யாரு கேப்பா? வுட்டுக்குடுத்து வுட்டுக்குடுத்து அவுரு கலீஜாயிட்டாரு.”

அப்படித்தான் தொடங்கியது. பழைய கேசட் அட்டையில் யார் படம் பெரிது, மெட்டுப் போட்டது யார், பெயர் முதலில் யாருக்கு வந்தது என்று தோண்டினார்கள். வாட்ஸப் குரூப் இரண்டாக உடைந்தது. பேசிய யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் பலருக்கு அந்த இருவரும் சொந்த அண்ணன்மார்களைவிட வேண்டியவர்கள். அந்த அன்பினால்தான் அப்படி அடித்துக்கொண்டார்கள், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு வாக்குவாதத்துக்கும் நடுவிலிருந்த இடம் கொஞ்சம் நீண்டது. மேடை போதாமல் போனது. சவுண்டு சர்வீஸ் தௌசீஃப் நீளமான ஒயர் வாங்கினான், பிறகு அதைவிட நீளமாக வாங்கினான். கடைசியில் பாட்டு மைதானத்தின் ஒரு மூலையிலும் கிதார் கோயில் பின்புறத்திலும் கேட்க, கமிட்டிக்காரர்கள் அடுத்த வருஷம் வேறு குழுவைக் கூப்பிட்டார்கள்.

அதற்குள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவர் சந்தாகியிருந்தது. சந்து தெருவானது. மாநகராட்சி வந்து தார் போட்டது, ஒருவர் டீக்கடை வைத்தார். சாவியோவின் வீடு சாமான் சட்டியோடு வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு மழைக்காலம் தண்டையார்பேட்டையில் நின்றது. கொரோனாவில் எல்லோரும் வீட்டில் அடைந்து செல்போனும் கையுமாக இருந்ததால் ஒரே மூச்சில் திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போய்விட்டது. ரேஷன் கார்டில் முகவரி மாற்ற ஐரீன் இரண்டு முறை அலைந்தார். சாவியோ மச்சானைப் பார்க்க ரயிலேறினால், கூட வந்தவர்கள் ராயபுரத்தில் இறங்கினார்கள். அதே பெட்டியிலிருந்து அவர் இறங்கினால் எண்ணூராகவே இருந்தது.

ஐரீனுக்கு அந்தத் தடை இல்லை. தினமும் தூக்குச்சட்டியில் சோறும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு பஸ் மாறி அண்ணனிடம் வந்தார். குழம்பு ஆறியிருக்கும். லியோனார்ட் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிடுவார். அந்த இருமல் நிற்கவேயில்லை. நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று அவர் தங்கையிடம் ஒன்றுதான் கேட்டார். “சாவியோவ ஒரு தபா பாக்கணும்மா. பக்கத்துல ஒக்காந்தா போதும். வாசிக்கக்கூட வேணாம்.”

ஐரீன் அங்கிருந்து நேராக மொஹ்சினின் சலூனுக்குப் போனார். ஆண்கள் சலூனில் ஒரு பெண் நுழைந்ததில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். “எங்கண்ணன் அன்னிக்கு இருமறதுக்குத் திரும்புனாரு. அவ்ளோதான்” என்றார். “நீங்க பேசப் பேசத்தான் என் வூடு தள்ளிப் போய்கினு கீது. கொஞ்ச நாளு வாய மூடுங்க. அவரு வந்து எங்கண்ணனப் பாத்துக்குவாரு.”

ஐரீன் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மொஹ்சின் பிற்பாடு சொன்னார். வாயை மூடுவது என்று ஒருமனதாக முடிவானது. பிறகு, எந்தக் கட்சி முதலில் மூடுவது என்று பேச்சு வந்தது. முதலில் மூடுகிறவன் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா என்றார் ஜெபசிங். ஆரம்பித்தவன்தான் முதலில் மூட வேண்டும் என்றார் மொஹ்சின். மாலைவரை பேசினார்கள். பொழுது சாயும்போது சாவியோவின் வீடு முகத்துவாரத்தைக் கடந்து காட்டுப்பள்ளி கப்பல் தளத்தின் மதிலோரம் போய் நின்றது.

போன் வேலை செய்தது, ஆனால் வார்த்தைகள் போய்ச்சேர நேரமானது. காலையில் சொன்னது மதியம் கேட்டது, பிறகு மறுநாள். “சோறு துன்னியா மச்சான்?” என்று லியோனார்ட் கேட்டதற்கு, “துன்னேன். இதோ வந்துகினே கீறேன், தூங்கிடாத” என்று சாவியோ பதில் சொன்னார். அந்தப் பதில் வந்தபோது லியோனார்ட் செத்து ஒரு பொழுது ஆகியிருந்தது. தலையணைக்கடியில் கிடந்த போனை எடுத்து ஐரீன்தான் அதைக் கேட்டார்.

அடக்கத்துக்கு இரண்டு கட்சியும் வந்தது. தெரு நிறைந்து நின்றார்கள், யார் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. துக்கமும் வெட்கமுமாக அவர்கள் முதன்முறையாக நிஜமாகவே வாயை மூடியிருந்தார்கள். காட்டுப்பள்ளியில் வாசலில் உட்கார்ந்திருந்த சாவியோ, காலுக்கடியில் தரை சுருங்குவதைப் பார்த்துக் கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தார். எண்ணூர் சட்டென்று கடந்துபோனது. திருவொற்றியூர் நாலு எட்டில் முடிந்தது.

பெட்டியை மூடும் நேரம் வந்துவிட்டது. வீட்டார் கடைசியாக ஒருமுறை நெற்றியில் முத்தம் கொடுத்த பிறகுதான் மூடி வைப்பார்கள், அது வழக்கம். ஐரீன் மூடியைப் பிடித்துக்கொண்டார். “இன்னும் மூடாதீங்க. அவரு வந்துகினு கீறாரு.” பங்குச் சாமியார் காத்திருந்தார். தெருமுனையில் சாவியோவின் தலை தெரிந்தது. கூட்டம் விலகியது. வேர்த்து விறுவிறுக்க வந்தவர், பெட்டிக்கு ஒரு கை தூரத்தில் நின்று குனிந்தார். மச்சானின் நெற்றியைத் தொடக் கையை நீட்டினார்.

அப்போதுதான் ஜெபசிங், பக்கத்தில் நின்ற மொஹ்சினின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ரகசியமாகத்தான் சொன்னார்: “பாத்தியாவே… நான் சொன்னம்லா. கடசில எறங்கி வந்தது எங்காளுதான்.”

மொஹ்சினும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனாலும் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: “கூப்ட்டது எங்காளு மாமு.”

சாவியோ ஓர் எட்டுக்கூடப் பின்னால் வைக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, தெரு அவரை வாரிக்கொண்டு போனது. “மச்சான்” என்று அவர் கத்தியது மட்டும் கொஞ்ச நேரம் கழித்து வந்து சேர்ந்தது. அதற்குள் பெட்டியை மூடியிருந்தார்கள்.

லியோனார்ட் போன பிறகு சண்டை நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கூடித்தான் போனது. செத்தவர் பெரியவரா, இருப்பவர் பெரியவரா என்று அவர் பாடிக் கேட்டிராத பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். வீடு காட்டுப்பள்ளியிலேயே இருக்கிறது. சோறு வெந்ததும் சாவியோ கப்பல் தள மதிலை இரண்டு தட்டுத் தட்டுவதாக அங்கே வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

வருஷத்தில் கல்லறைத் திருநாள் ஒன்றுதான் விலக்கு. அன்று ஜெபசிங் கடையைத் திறப்பதில்லை, மொஹ்சின் சலூனைத் திறப்பதில்லை, இருவரும் பேசுவதும் இல்லை. மற்றவர்களும் முடிந்தவரை அடக்கிக்கொள்கிறார்கள். சாவியோ மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு ஐரீனோடு நடந்து வருகிறார். பெரும்பாலும் திருவொற்றியூர் தேரடிவரை வர முடிகிறது. அதற்குமேல் எங்கோ யாரோ வாயைத் திறந்துவிடுகிறார்கள், சாலை நீள ஆரம்பிக்கிறது. அங்கே ஜெபசிங் கைநீட்டி மெழுகுவர்த்தியை வாங்கிக்கொள்கிறார். டோல்கேட்டில் மொஹ்சின் காத்திருந்து அவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். காசிமேடு கல்லறையில், கூடவே நடந்து வந்த ஐரீன் அதை அண்ணனின் தலைமாட்டில் வைக்கிறார். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் போகிற ரோடு, காற்று அடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் பாட்டிலை வெட்டி அதற்குள் வைத்துத்தான் எடுத்துப் போகிறார்கள். அப்படியும் சில வருஷம் அணைந்துவிடுகிறது. நின்று மறுபடி ஏற்றிக்கொண்டு நடக்கிறார்கள். யார் கையில் அணைந்தது என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.