பீரோவுக்கு அடியில் இருந்த தரை

மொசைக் தரையைக் கெடுத்துவிட்டாள் என்பதுதான் மருமகள்மேல் மாமியார் சுமத்திய ஒரே குற்றம். ஒன்றுதான் என்றாலும் ஐந்து வருடமாக மூன்று வேளையும் கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்? கடைசியில் மகன் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். சாமான் ஏற்ற வண்டி வாசலில் வந்து நின்றது.

அதே காலையில் பாலிஷ்காரரையும் மாமியார் வரச் சொல்லியிருந்தார். போகிறவள் தன் கைங்கரியத்தைக் காதால் கேட்டுவிட்டே போகட்டும் என்றுதான், வேறென்ன.

"இவ சோப்புத்தூள் போட்டுத் துடைச்சே கண்ணாடி மாதிரி இருந்த தரை இப்படி ஆயிடுச்சு," என்றார்.

பாலிஷ்காரர் குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்தார். "சோப்புன்னா மேலாகப் படலம் கட்டும், வெந்நீர்ல போயிடும். இது அரிச்சிருக்கு. ஒரு எலுமிச்சம்பழம் குடுங்கம்மா, என்ன சில்லுன்னு பாத்துடலாம்."

மூலையில் ஒரு சொட்டுப் பிழிந்தார். வெள்ளைச் சில்லுகள்மேல் பொடிப்பொடியாக நுரைத்தது.

"கிரானைட் சில்லுன்னா சும்மா இருக்கும். இது மார்பிள் சில்லு போட்ட சிமெண்ட் மொசைக். புளிப்பு ஆகவே ஆகாது."

மருமகள் வரும்வரை, இருபது வருடம், வாசனைக்கென்று துடைக்கிற தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தவர் மாமியார்தான்.

அப்போதுதான் வண்டி ஆட்கள் பீரோவைத் தூக்கினார்கள். மருமகள் சீராகக் கொண்டுவந்தது, அவள் வந்த வாரமே அங்கே வைத்தது. அன்றிலிருந்து அதன் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. பாலிஷ்காரர் அங்கிருந்த தூசியைத் துணியால் துடைத்தார். அங்கேயும் அதே மங்கல், அதே சொரசொரப்பு.

மருமகள் வருவதற்கு முன்பே தரை மங்கியிருக்கிறது என்று மாமியாருக்குப் புரிந்தது. மாப் தன் கையில் இருந்தவரை இந்த மங்கல் கண்ணில் படவே இல்லை. இன்னொருத்தி கைக்குப் போனதும்தான் பட்டிருக்கிறது.

"கவலைப்படாதீங்கம்மா, நாலு தடவை கல்லு போட்டுத் தேச்சா பழைய பளபளப்பு வந்துடும்," என்றார் பாலிஷ்காரர், வீட்டு விவகாரம் தெரியாமல்.

"பீரோவை இருந்த இடத்துலயே வைங்க," என்றார் மாமியார்.

யார் பேச்சைக் கேட்பதென்று புரியாமல் ஆட்கள் மருமகளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள், அப்புறம் மாமியாரை. முகத்தில் துளிக் கோபம் இல்லை. அதுதான் மாமியாரைக் கதிகலங்க வைத்தது.

"தரை சரியாயிடும் அத்தை," என்றாள். பிறகு ஆட்கள் பக்கம் திரும்பி, "வாசல் நிலையில இடிக்காம எடுத்துட்டுப் போங்கண்ணே," என்றாள்.